தறிக்குடோன் வீட்டுக்கு ஒரு ஹெட்போன்

எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்பதென்றால் ஹெட்போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். வேறு வழி கிடையாது. சூலூரில் எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் நான் சமைப்பேன், துணி மடிப்பேன், பாட்டுகளுக்கு மாஸ்டரிங் செய்வேன். இந்தக் கடைசி வேலையைச் சொன்னதும் கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு வரும். தறிச்சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து பாட்டைச் சரிசெய்கிறாளாம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் பல வருடம் அந்தச் சிரிப்பை அலட்சியமாகத் தாண்டிப் போனேன். அவர்கள் சிரித்ததில் நியாயம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுதான் எரிச்சல்.

பாடி, வாசித்து, எல்லாக் குரல்களையும் ஒன்றாகக் கலந்து முடித்த பாட்டு கடைசியில் என்னிடம் வரும். அது கோயில் ஸ்பீக்கரிலும், காரிலும், கையில் இருக்கிற போனிலும் ஒழுங்காகக் கேட்கும்படி நான் சீர்செய்து அனுப்ப வேண்டும். எங்கே இரைச்சலோ அங்கே குறைக்க வேண்டும், எங்கே மங்கலோ அங்கே கூட்ட வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இதற்கு வேண்டியது காது.

கல்யாணத்துக்கு முன்னால் பீளமேட்டில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். என் காது அங்கே பேர்போனது. வயலின்காரர் கம்பியைச் சரியாக முறுக்காமல் வந்தால் அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். பிறகு ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஐடி கம்பெனிப் பிள்ளைகள் வரிசையில் நின்று தோசை சாப்பிடுகிறார்கள். நான் சூலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஆனாலும் வேலையை விடவில்லை. சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் ஒரு மேசையைப் போட்டு, கோவை நகரத்துக் கிறிஸ்தவக் கோயில்களின் பாடகற்குழுக்கள் பதிவு செய்கிற பாட்டுகளை வாங்கிச் செய்யத் தொடங்கினேன். வீடு என் வீட்டுக்காரருடையது, தறி அவருடையது, உறவுக்காரர்கள் பாதிப் பேர் அவர் பக்கத்து ஆட்கள். எனக்கென்று இருந்தது அந்த மேசை மட்டும்தான்.

தறிக்குடோன் வீட்டில் யாரும் யாரையும் தூரத்திலிருந்து கூப்பிட மாட்டோம். எதிரில் போய் நின்று, வாயைப் பார்த்துத்தான் பேசுவோம். சாப்பிட வரச் சொல்வதற்குக் கையைக் குவித்துக் காட்டினால் போதும். கரண்ட் போய்விட்டது என்று சொல்ல எந்தச் சைகையும் வேண்டாம், தெருவே சொல்லிவிடும். என் வீட்டுக்காரர் குடோன் கதவருகே நின்று உதட்டை மட்டும் அசைப்பார், நான் சமையலறை வாசலில் நின்று பதில் சொல்வேன். ஒரு பொட்டுச் சத்தம் வராமல் சண்டைகூடப் போட்டிருக்கிறோம். புதிதாக வந்தபோது எனக்கு இது பெரிய வேடிக்கை. கொஞ்ச நாளில் நானே இதில் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கும்போது எதிர் வரிசைப் பெண்கள் என்ன புறணி பேசுகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியும்.

போன தவக்காலத்துக்கு முன்னால் ஒரு பாடகற்குழுவின் மாஸ்டர் புதிய பாட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மில் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பல வருடமாக அவருடைய பாட்டுகளை நான்தான் செய்கிறேன். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். எதையும் நேராகச் சொல்ல மாட்டார், சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் பாதியைத்தான் சொல்வார். முதல் பாட்டை முடித்து அனுப்பினேன். மறுநாள் போன் செய்தார்.

"நெம்ப நல்லா வந்திருக்குதுங்க அம்மணி. ஒண்ணே ஒண்ணுதானுங்க. 'சிலுவை'ன்னு வர்ற எடத்துல மட்டும் சித்தங்கூரம், ஒரு துளிதானுங்க, குத்தறாப்ல இருக்குதுங்க. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ."

தவக்காலப் பாட்டில் சிலுவை எத்தனை இடத்தில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலுவை, சுமை, சரீரம், சாட்டை, எல்லாம் 'ச'தான். அந்த எழுத்து மைக்கில் சீறும். அதை அடக்குவது மாஸ்டரிங் செய்கிறவரின் முதல் பாடம். நான் மறுபடி போட்டுக் கேட்டேன். எங்கும் குத்தவில்லை. சொல்லப்போனால் எல்லாமே கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது, போர்வைக்கு அடியிலிருந்து பாடுவதுபோல. அப்போதுதான் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். காது மெத்தை உரிந்து கறுப்புத் தூளாக என் கன்னமெல்லாம் ஒட்டியிருந்தது. ஒரு பக்க வயரை டேப் சுற்றி வைத்திருந்தேன். இதை நம்பி உட்கார்ந்திருந்தால் குத்தத்தான் செய்யும் என்று அதன்மேல் பழியைப் போட்டேன். மாஸ்டரிடம், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்குள் எல்லாப் பாட்டும் கைக்கு வந்துவிடும், புது ஹெட்போன் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வாங்குகிறேன் என்று சொல்வது சுலபம். எனக்கு வேண்டியது மானிட்டர் ஹெட்போன். சாதாரண ஹெட்போன் நம்மைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கும். அடிச்சத்தத்தைக் கூட்டி, கிண்கிணியென்று ஒலிக்கிற மேல்சத்தத்தில் பளபளப்புப் பூசி, மட்டமான பாட்டையும் அழகாகக் காட்டும். மானிட்டர் அப்படி இல்லை. பாட்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் காட்ட வேண்டும், பல்லில் கீரை ஒட்டியிருந்தால் முகத்துக்கு நேரே சொல்கிற சிநேகிதி மாதிரி. அதே ஹெட்போனில் மதியம் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்த பாட்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வேலைக்கு ஒன்று ஆசைக்கு ஒன்று என்று இரண்டு வாங்க முடியாது. விலையும் கைக்கு எட்ட வேண்டும்.

இணையத்தில் தேடினேன். அங்கே எழுதுகிறவர்கள் யாரும் காதால் கேட்பதாகவே தெரியவில்லை. ஒருவர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்கிறார், இன்னொருவர் குளிர்ச்சி என்கிறார், மூன்றாமவர் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்கிறார். ஹெட்போன் வாங்கப் போகிறோமா, குடிபோக வீடு பார்க்கிறோமா என்று குழப்பம் வந்துவிட்டது. எல்லாருமே ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் எழுதியிருந்தார்கள்: அமைதியான அறையில் கேட்டுப் பாருங்கள். படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது.

பஸ் ஏறி டவுன்ஹாலுக்குப் போனேன். கோட்டைமேட்டுக்குப் போகிற சந்தில் மைக், ஸ்பீக்கர், ஆம்ப்ளிபையர் விற்கிற ஒரு கடை உண்டு. கடைக்கார பாய்க்கு என்னை ஸ்டுடியோ காலத்திலிருந்தே தெரியும். திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஒரே முகத்தோடு குழாய் ஸ்பீக்கர் விற்கிறவர். விவரத்தைச் சொன்னதும் உள்ளே போய் அட்டைப் பெட்டிகளை அடுக்கிவைத்தார்.

"தறிச் சத்தம் உள்ள வரக்கூடாதுன்னா இந்தக் குளோஸ்டு பேக் எடுத்துக்குங்க அக்கா. காதை நல்லா மூடிக்கும். ஓபன் பேக் சவுண்டு விரிஞ்சு வரும், ஆனா ஊரு சத்தம் பூராம் உள்ள வந்துரும். உங்க ஊட்டுக்கு அது ஆகாதுங்க."

குளோஸ்டு பேக்கை மாட்டி, என் போனில் இருந்த அந்தத் தவக்காலப் பாட்டைப் போட்டேன். மங்கல். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். இப்போது பரவாயில்லை. பக்கத்தில் வயர் வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் திரும்பி என்னைப் பார்த்தார். பாய் கையை ஆட்டினார். நான் அவர் வாயைப் பார்த்தேன்.

"சவுண்டு வெளிய வருதுங்க அக்கா."

"அப்ப இது சரியா மூடலைங்க பாய். பாருங்க, ஒழுகுது," என்றேன்.

அவர் ஹெட்போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, வாடிக்கையாளரிடம் எதற்கு என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. "புதுசுல அப்படித்தானுங்க இருக்கும்," என்று மட்டும் சொன்னார். புதிய ஹெட்போன் எதற்காக ஒழுக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஹெட்போனை வைத்து முதல் பாட்டை மறுபடி செய்து, அடுத்த இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். தறி ஓடிக்கொண்டிருந்ததால் அதன் சத்தம் மறைகிற வரைக்கும் ஒலியைக் கூட்டிக்கொண்டேன். அதுதான் என் வழக்கம். குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் தறி மறைந்து பாட்டு மட்டும் நிற்கும். அந்த இடம் வந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வரும், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்ததுபோல. பல வருடமாக அந்த இடத்தில்தான் நான் குடியிருந்தேன். அதைவிடச் சந்தோஷமான இடம் எனக்குச் சூலூரில் வேறெதுவும் இல்லை.

மாஸ்டர் போன் செய்தார். குழந்தைகள் நலம், மழை, கோயில் கொடிமரத்துக்குப் பெயின்ட் அடித்தது என்று எல்லாம் பேசினார். கடைசியில், "பாட்டு முன்னைக்கு இப்பத் தெளிவா இருக்குதுங்க. ஆனா அந்தக் குத்து மட்டும் போகலீங்க அம்மணி. முன்னைவிட எச்சாயிருச்சாட்ட இருக்குது," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, ஹெட்போன்மேல். பாயிடம் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே வேறொன்று கொடுத்தார். அதிலும் மங்கல். அதையும் கொண்டுபோனேன். இந்தத் தடவை அவர் முணுமுணுக்கவில்லை, பெருமூச்சு விட்டார். நான் ஓபன் பேக்கையே கேட்டேன். பாட்டை உள்ளபடி காட்டுவது ஓபன் பேக்தான், பெரிய ஸ்டுடியோக்களில் அதைத்தான் வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு ஆகாது என்று அவர் மறுபடி சொன்னார். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள், அன்றைக்குப் பகல் முழுக்க ஊரில் ஒரு தறியும் ஓடாது, அன்றைக்கு லேப்டாப்பை பேட்டரியில் போட்டு எல்லா வேலையையும் முடித்துவிடுவேன் என்றேன். எனக்கே அந்த யோசனை நெம்பப் பெருமையாக இருந்தது.

அந்த நாள் வந்தது. காலையில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கள் தெருவில் அப்படிப்பட்ட அமைதி வரும்போது எல்லாரும் கொஞ்சம் தடுமாறுவோம், பேச்சு உரக்க வந்துவிடும், பிறகு வெட்கப்பட்டுக் குறைத்துக்கொள்வோம். என் வீட்டுக்காரர் தறியில் பாவு நூல் இணைக்கிற ஆளை வரச்சொல்லிக் குடோனுக்குள் போய்விட்டார். நான் அறைக் கதவைச் சாத்தி ஓபன் பேக்கை மாட்டினேன். லேசாக, மெத்தென்று, தலையில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. பாட்டைப் போட்டேன்.

குழுவில் இருக்கிற பெண்களின் குரல் எனக்குத் தெரியும். உயரத்தில் பாடுகிறவர்களின் குரலில் ஒரு மினுக்கம் இருக்கும். பாட்டின் நடுவில் ஒருவர் சின்னச் சலங்கை தட்டுகிறார் என்றும் தெரியும், ரெக்கார்டிங் நடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டையும் தேடினேன். சுற்றிலும் அத்தனை அமைதி, காதில் நல்ல ஹெட்போன், ஆனாலும் குரலில் மினுக்கம் இல்லை. சலங்கை எங்கோ சுவருக்கு அப்பால் தட்டுவதுபோல் இருந்தது, இருந்ததா இல்லையா என்றுகூட நிச்சயமில்லை. மைக் வைத்தவன் சரியாக வைக்கவில்லை என்று அவனைத் திட்டினேன். பிறகு மேல்சத்தத்தைக் கூட்டினேன். சலங்கை வருகிற வரைக்கும் கூட்டினேன். வந்ததும், ஆகா, இப்போது சரி என்று எல்லாப் பாட்டையும் அதே மாதிரி செய்துமுடித்தேன். மத்தியானச் சோறு அன்றைக்கு ருசித்தது.

பாட்டுகளை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். போனில் கருத்துக் கேட்டு மாய்வதைவிட நேரில் கோயில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிடலாம் என்று மறுநாள் நானே கோவைக்குப் போனேன். கோயிலில் யாரும் இல்லை. மாஸ்டர் மட்டும் பாடகற்குழு உட்காருகிற பக்கத்தில் ஆம்ப்ளிபையரைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். நான் வருவதை அவர் பார்க்கவில்லை. போனைச் செருகிவிட்டு, பாட்டைத் தொடங்குவதற்கு முன்னால், டிரெபிள் என்று எழுதியிருக்கிற குமிழைப் பிடித்து இடது பக்கம் அடிவரைக்கும் திருப்பினார். மேல்சத்தத்தைக் குறைக்கிற குமிழ் அது. யோசிக்கவே இல்லை. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி, கை தானாகப் போயிற்று.

"ஏனுங்க மாஸ்டர், அதெதுக்குங்க அதைக் கொறைக்கறீங்க?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் சிவந்துவிட்டது.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. உங்க பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் கொறைச்சு வெச்சுக்கறதுங்க. இல்லாட்டி முன்னால உக்காந்திருக்கறவங்க காதைப் பொத்திக்கறாங்க."

"இந்தத் தடவைதானுங்களே இப்படி?"

அவர் பாட்டுப் புத்தகங்களை நேராக அடுக்கிவைத்தார்.

"எப்ப இருந்துங்க?"

"கொஞ்ச வருசமாவே அப்படித்தானுங்க. சொன்னா உங்க மனசு சங்கடப்படும்னுதான் நான் சொல்லலீங்க. குமிழைத் திருப்புனாத் தீந்துபோகுதுன்னு விட்டுப்போட்டேன். இந்த வருசம்தான் அதை அடிவரைக்கும் திருப்பியும் தாங்க முடியலீங்க."

எங்கள் ஊர்ப் பக்கத்து மரியாதையைப் பற்றி எல்லாரும் புகழ்ந்து பேசுவார்கள். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுவோம் என்று நாங்களே பெருமையடித்துக்கொள்வோம். அன்றைக்கு அந்த மரியாதையை எடுத்துத் தெருவில் வீசலாம் போலிருந்தது. ஒரு மனிதர், ஒரே ஒரு தடவை, "என்னம்மா பாட்டு இது, காது கிழியுது, நல்ல டாக்டரைப் போய்ப் பாரு" என்று கத்தியிருந்தால் நான் என்றைக்கோ பிழைத்திருப்பேன். என் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டார்கள். அவரைக் குமிழை நடுவில் வைக்கச் சொன்னேன். பாட்டைப் போடச் சொன்னேன். தயங்கித் தயங்கிப் போட்டார். எனக்கு அது அழகாகக் கேட்டது. குரலில் மினுக்கம் இருந்தது, சலங்கை இருந்தது. அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து நின்றார். சிலுவை என்று வருகிற இடமெல்லாம் அவர் இமை துடித்தது.

காது பரிசோதிக்கிற இடத்துக்கு அடுத்த வாரமே போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னாள். நான் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளே வந்து நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"ஏனுங்க?" என்றேன்.

"என் கை அசையறதைப் பாத்து அழுத்தறீங்க. சொவத்தைப் பாத்து உக்காருங்க."

நான் ஏமாற்றவில்லை. என் கண் அந்த வேலையைச் செய்தது எனக்கே தெரியாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சத்தம் வந்தது, அழுத்தினேன். வந்தது, அழுத்தினேன். பிறகு வரவில்லை. அவள் சோதனையை நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். வெகு நேரம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தால் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மும்முரமாக ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்துச் சில வார்த்தைகளைச் சொல்வதாகவும், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். சொல்வதற்கு முன்னால் ஒரு அட்டையை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் பிடித்தாள். அந்த அட்டைக்குப் பின்னாலிருந்து வந்த பேச்சில் பாதி எனக்கு வெறும் முனகலாகத்தான் வந்தது. இத்தனை வருடம் நான் காதால் கேட்டதாக நினைத்ததில் பாதியைக் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். வீட்டில், கடையில், கோயிலில், எல்லா இடத்திலும். எங்கள் தெருவில் எல்லாருமே வாயைப் பார்த்துப் பேசுகிறவர்கள். அங்கே யாருக்குக் காது போயிற்று, யாருக்குப் போகவில்லை என்று எப்படித் தெரியும்?

அவள் ஒரு தாளைக் காட்டினாள். கோடு கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், பிறகு சரேலென்று கீழே விழுந்திருந்தது. இரண்டு காதுக்கும் அப்படியே. விழுந்த பக்கம்தான் மேல்சத்தம். 'ச' அங்கேதான் இருக்கிறது, சலங்கை அங்கேதான் இருக்கிறது.

"தறிச் சத்தத்துனாலங்களா?" என்றேன். ஒரு எதிரியாவது கிடைக்கட்டும் என்று இருந்தது.

"தறியும்தான். ஆனா நீங்க குடோனுக்குள்ள வேலை செய்யறதில்லை, சொவத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்கீங்கன்னு சொன்னீங்க. ஹெட்போன்ல எவ்வளவு சத்தம் வெச்சுக் கேப்பீங்க?"

"தறி கேக்காத அளவுக்குங்க."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குடியிருந்த அந்த நிம்மதியான இடம்தான் என் காதைத் தின்றிருக்கிறது. தறிச் சத்தத்திலிருந்து தப்பிப்பதற்காகத் தறியைவிடப் பெரிய சத்தத்தைக் காதுக்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறேன், நாள் முழுக்க, ஆசையாக. பழையதையும் சேர்த்து மூன்று ஹெட்போன்களைப் பொய் சொல்கின்றன என்று ஒதுக்கினேன். மூன்றும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

"திரும்ப வருங்களா?"

"போனது வராதுங்க. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். இனிமே ஹெட்போன் வேண்டாம்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. சீற்றமாக வந்தது, யார்மேல் என்று தெரியாமல். கண் போனவளுக்கு இருட்டாவது தெரியும். எனக்கு ஒன்றும் குறைந்ததாகவே தெரியவில்லை. பஸ் வந்தது, கண்டக்டர் கத்தினார், கதவு அடித்தது, எல்லாம் முழுசாகத்தான் கேட்டது. இல்லாததை இல்லை என்று எனக்கு யார் சொல்வார்கள்? குயில் கூவுவதைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். சூலூரில் குயில் குறைந்துவிட்டது என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மாஸ்டரிடம் பாட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். காரணத்தை நேராகவே சொன்னேன், எங்கள் ஊர் மரியாதை போதும் என்று ஆகிவிட்டது. அவர் கண் கலங்கிவிட்டது. வேறு ஒரு ஸ்டுடியோவின் விவரத்தைக் கொடுத்தேன். "அடுத்த வருசம் பாக்கலாமுங்க அம்மணி, அதுக்குள்ள சரியாகிப்போகும்," என்றார். சரியாகாது என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன், ஆனாலும் அவருக்கு வேறு எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. நானும் ஆமாங்க என்றேன். சாம்பல் புதனுக்குப் பாட்டுகள் வந்துவிட்டன, நன்றாக இருக்கின்றன என்று சொன்னார்கள். என்னால் சரிபார்க்க முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஒரு மத்தியானம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கை கழுவிவிட்டு எழுந்து குடோனுக்குள் போனார். அவ்வளவுதானா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தறிகள் நிற்கத் தொடங்கின. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாமே. கரண்ட் இருக்கும்போது, பாவு இருக்கும்போது, வேலை நாளில் அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே என் அறைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, அந்தப் பாட்டைப் போடு. அவங்கல்லாம் கொறை சொன்னாங்கன்னியே, அதை. நானும் ஒருக்கா கேக்கறேன்."

எத்தனையோ வருடம் இந்த அறையில் நான் வேலை செய்திருக்கிறேன், அவர் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை. ஓபன் பேக்கை அவர் தலையில் மாட்டினேன். முடியில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. நான் மேல்சத்தத்தை ஏற்றி நாசமாக்கிய பாட்டைத் தொடங்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. இமை துடிக்கவில்லை. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே கடைசிவரைக்கும் கேட்டார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி இரண்டு கையிலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நெம்ப நல்லா இருக்குது புள்ள. சிலுவைன்னு வர்ற எடமெல்லாம் எவ்வளவு தெளிவா இருக்குது. அந்தச் சலங்கை கூடக் கேக்குதே. இதையா குத்துதுன்னாங்க? அவங்க காதுலதான் ஏதோ கோளாறு."

அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்குப் பொய் வராது. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்டது. சிறுவயதிலிருந்து தறிக்குள்ளேயே நின்ற அந்தக் காதுக்கு நான் செய்த பாட்டு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியிருந்தது. இந்த ஊரில், இந்த உலகத்தில், என் வேலையை நான் கேட்கிற மாதிரியே கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று தெரிந்தபோது, இத்தனை நாள் வராத அழுகை வந்துவிட்டது.

அவர் பயந்துபோய்த் தோளைத் தொட்டார். "ஏம்புள்ள அழுகறே? நல்லா இருக்குதுன்னுதானே சொன்னேன்."

"ஆமாங்க," என்றேன். "நல்லா இருக்குதுங்க."

அவர் ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்த் தறியைப் போட்டார்.